வலது சக்கரத்தில் இரண்டு விரல்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் நீல வண்டி இன்றும் என் வாசலில்தான் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் மலையேறி வந்து, முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் இல்லை. தேயிலை மூட்டை ஏற்றிப் பிழைக்கிறவன்.

எங்கள் ஊர் ஜியாயீ நகரத்துக்கு மேலே, மலையில். அந்த மார்ச்சில் என் மனைவி ஜியா-லிங்குக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரி கீழே, ஒன்றரை மணி நேரப் பாதை. திடீரென்று வலி எடுத்தால் அவளைக் கூட்டிப்போக இந்தச் சின்ன லாரியை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை. தூக்கித் தூக்கிப் போடுகிற வண்டியில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்ற முடியுமா? அதனால்தான் முன்பக்க ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்றக் கொடுத்தேன். புத்தி கெட்டுப்போய் ஹோங்கிடம் கொடுத்தேன்.

ஹோங்கின் ஒர்க்ஷாப் மலையடிவாரத்தில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இருக்கிறது. வாய் மட்டும் பெரிய கம்பெனி வாய். மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க டூல் பாக்ஸ் மேல் பச்சைப் பை நொறுக்குத்தீனி வைத்திருப்பான். எங்கள் ஊரில் எல்லாரும் வைப்பதுதான். ஆனால் அவன் அதை மட்டும்தான் நம்பினான் போலிருக்கிறது.

"ரெண்டு பக்கமும் புதுசு தம்பி. தூக்கத்துலயே மலை இறங்கலாம்" என்றான்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். வண்டி வலது பக்கம் சாய்ந்து நின்றது. இடது சக்கரத்துக்கு மேல் நாலு விரல் போனது. வலது பக்கம் இரண்டே விரல். ஸ்டியரிங் வலது பக்கமே இழுத்தது. பள்ளத்தில் இறங்கினால் டக்... டக்... என்று ஒரு சத்தம் வேறு.

எனக்கு வந்ததே கோபம். மறுநாள் காலையில் வண்டியை ஹோங் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

விரலை விட்டுக் காட்டினான். இடது நாலு. வலது நாலு.

"என்ன ஆ-தெங், காலையிலேயே ஊத்திக்கிட்டியா?"

"நேத்து சாஞ்சு நின்னுச்சுண்ணே!"

"உன் வாசல் கோணல். கொத்தனாரைக் கூப்பிடு."

அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்தேன். இரண்டு விரல்.

மறுபடி போனேன். மறுபடி நாலு விரல். மறுபடி சிரிப்பு. கழற்றிப் பார் என்றேன். "சும்மா சும்மா கழட்டினா நட்டு லூஸாயிடும்" என்றான். என்னைப் பைத்தியக்காரனாக்கி அனுப்பினான்.

மூன்றாம் தடவை போகும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மலையிலிருந்து இறங்கி பாலத்தின் முனைக்கு வந்ததும் வலது பக்கம் ஒரு சத்தம்.

தட்.

யாரோ இறங்கிக் கதவைச் சாத்திய மாதிரி. வண்டி மெல்ல நிமிர்ந்தது. பாலத்தில் ஏறியபோது சாய்வும் இல்லை, இழுப்பும் இல்லை.

திரும்பி வரும்போது பாலத்தைத் தாண்டியதும்... வலது பக்கம் அமுங்கியது.

ஸ்பிரிங் எங்கோ சிக்கி விடுகிறது என்று நினைத்தேன். ஹோங்கைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அன்று எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஜியா-லிங்குக்கு நாள் கணக்குக்கு முன்கூட்டியே வலி வந்துவிட்டது. மாலை நாலு மணி. மலை முழுக்க மூடுபனி. ஆம்புலன்ஸ் மேலே வந்து சேர எவ்வளவு நேரமாகுமோ. எங்கள் ஊர் வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம்; அவளைத் தூக்கி வலது சீட்டில் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன்.

டக்... டக்... டக்...

"அந்த ஹோங் மட்டும் கையில கெடைக்கட்டும்..." என்றேன்.

"பேசாம ஓட்டு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஏன் இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க? தள்ளிக்க" என்றாள்.

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தது.

"நான் எங்கடி இடிச்சேன்?"

அவள் கதவோரமாக ஒடுங்கிக்கொண்டாள்.

மூடுபனி அடர்ந்தது. கண்ணாடி உள்பக்கம் பனித்துப்போனது. அவள் பக்கம் மட்டும்.

டக். டக். டக். டக்.

சத்தம் வேகமானது. நேரான பாதையில். பள்ளமே இல்லை.

பாலத்தின் முனை தெரிந்தது. இப்போது அந்த 'தட்' வரும், வண்டி நிமிரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

ஸ்டியரிங் வலது பக்கம் சுண்டி இழுத்தது. கைப்பிடிச் சுவருக்கு நேராக. அதற்குப் பின்னால் ஆறு. பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். கிர்ர்... கிர்ர்... கிளம்பவில்லை.

ஜியா-லிங் அலறினாள். "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு!"

டக்.

டக்.

டக்.

வண்டி நிற்கிறது. சத்தம் மட்டும் வருகிறது.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஹோங் மேலிருந்த கோபம், பயம் எல்லாம் சேர்ந்து தலைக்கேறியது. டாஷ்போர்டில் ஓங்கிக் குத்தினேன். வாயில் வந்ததைக் கத்தினேன்.

"பாலம் வந்துடுச்சு! தாண்டப் போறோம்! பயப்படாம கூட வா! வந்து தொலை!"

சத்தம் நின்றது.

ஜியா-லிங் அந்த வலியிலும் என் தோளில் பளாரென்று அறைந்தாள். "பாவி! என்ன வார்த்தை சொல்லிட்ட!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அது உயிருள்ளவர்களுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. எங்கள் பக்கத்தில் வெளியிடத்தில் செத்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்து வரும்போது, ஒவ்வொரு பாலத்திலும் சொந்தக்காரர்கள் சத்தமாகச் சொல்வார்கள். பாலம் வந்துவிட்டது, பயப்படாமல் கூட வா என்று. சொல்லாவிட்டால் ஆவி தண்ணீரைத் தாண்டாது. கரையிலேயே நின்றுவிடும்.

சாவியைத் திருகினேன். ஒரே திருகில் எஞ்சின் கிளம்பியது.

பாலத்தில் ஏறினோம்.

வண்டி நிமிரவில்லை. வலது பக்கம் அமுங்கியபடியே பாலத்தைத் தாண்டியது. ஆஸ்பத்திரி வாசல் வரை அப்படியேதான் வந்தது.

ஜியா-லிங்கைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். குனிந்து வலது சக்கரத்தில் விரலை விட்டேன்.

நாலு விரல்.

பையன் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம் என்றார்கள். அழுதேன். அழுது முடித்து நேராக ஹோங்கிடம் போனேன். சட்டையைப் பிடித்தேன்.

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. நான் பாலத்தில் நடந்ததைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"வலது பக்கத்துக்குப் புதுசு கெடைக்கல தம்பி... பழைய வண்டியில கழட்டுனதைப் போட்டுட்டேன்."

"எந்த வண்டி?"

"போன வருஷம் பாலத்துக்கு மேல, மலைத் திருப்பத்துல உருண்ட வண்டி. பக்கத்து சீட்டுல இருந்த ஆளு அங்கயே போயிட்டான்."

"சடங்கு பண்ணலையா?"

"பண்ணாங்க. சாமியார் வந்து கூப்பிட்டாரு. பாலத்துல அவன் பொண்டாட்டிதான் அந்த வார்த்தையைச் சொல்லணும். அழுது அழுது அவளுக்குக் குரலே வரல. கூட வர்றியான்னு கேட்டு பூசைக்கட்டையை எத்தனை தடவை உருட்டிப் போட்டும் ஆமாம்னு விழல."

இரண்டு பக்கத்தையும் என் கண் முன்னால் கழற்றச் சொன்னேன். பெட்டி பிரிக்காத புது ஸ்பிரிங். நானே பிரித்தேன். நானே நட்டு முறுக்கினேன். பழையதைச் சாமியாரை வைத்து மந்திரித்து ஹோங்கே அப்புறப்படுத்தினான்.

அந்த வாரமே செத்தவனின் மனைவி மறுபடி அந்தத் திருப்பத்துக்குப் போய்ப் பூசை போட்டாளாம். பாலத்தைத் தாண்டிவிட்டானா என்று கேட்டுக் கட்டையைப் போட்டிருக்கிறாள். ஆமாம் என்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்துவிட்டானா என்று கேட்டிருக்கிறாள்.

இல்லை என்று விழுந்திருக்கிறது.

ஹோங் இதை என்னிடம் சொன்னது டிஸ்சார்ஜ் ஆகிற அன்று காலையில். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் விரலை விட்டேன். நாலு. நாலு. ஜியா-லிங் வலது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி அசையவில்லை. நர்ஸ் பையனை அவள் மடியில் வைத்தாள்.

வலது பக்கம் மெல்ல... அமுங்கியது.

பையன் மூன்று கிலோகூட இல்லை.

ஊர் திரும்பும்போது பாலத்தின் முனையில் பையன் வீறிட்டான். பால் கொடுத்தும் அடங்கவில்லை, தட்டிக்கொடுத்தும் அடங்கவில்லை. மூச்சுத் திணறி முகம் நீலம் பாரித்துவிட்டது. நான் வண்டியை நிறுத்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

என்னை அறைந்த அதே ஜியா-லிங்தான் குனிந்து, அவன் காதில் மெதுவாகச் சொன்னாள்.

"பாலம் வந்துடுச்சு சாமி. பயப்படாம கூட வா."

பையன் அழுகையை நிறுத்திவிட்டான்.