நீள வீடு

மழை விட்டிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை நோக்கி மூவரும் இறங்கிக்கொண்டிருந்தோம். அப்பாவின் தலையில் கண்ணாடியோடு ஒரு ஜன்னல். அம்மாவின் இடுப்பில் அரிசிப் பானை, கக்கத்தில் பிறப்புப் பத்திரங்கள் வைத்த பொலித்தீன் பை. என் தோளில் பாய்க்கட்டு. எனக்கு அப்போது பதினான்கு வயது.

வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வீடு நின்றுகொண்டுதான் இருந்தது. இரண்டு தூண்கள், ரோஸ் நிறச் சுவர், பூ வேலை செய்த முகப்பு. பாதையில் போகிறவன் பார்த்தால் நல்ல வீடு என்றுதான் சொல்வான். பின்னால் மேடு சரிந்து அடுப்படியும் இரண்டு அறைகளும் மண்ணுக்குள் போனது முன்பக்கத்துக்குத் தெரியவில்லை. அப்படித்தான் கட்டியிருந்தோம், முன்பக்கத்துக்காக.

தெமோதரைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், எங்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்திருந்தது. அதற்கு முன் நான்கு தலைமுறையாக லயம்தான். ஒரு நீளக் கூரை, பன்னிரண்டு காம்பிரா, பன்னிரண்டு குடும்பம். நான்காவது காம்பிராவில் இருமினால் ஆறாவதில் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அம்மா குவைத்தில் நான்கு வருடம் யாருடைய வீட்டையோ துடைத்துவிட்டு வந்தவள். அவள் கேட்டது ஒன்றுதான். சாத்திக்கொள்ள ஒரு கதவு வைத்த அடுப்படி.

வீட்டுக்குப் படம் கீற பதுளையில் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் கட்டிடப் படம் கீறி ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலை ரயிலில் வந்து, குடையை ஊன்றிக்கொண்டு மேலே ஏறினார். கொடுத்த தேநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு காணியை இரண்டு தடவை சுற்றினார். தேநீர் ஆறிப்போனது. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு என்னைத்தான் கேட்டார்.

“தம்பி, மழை பெய்தால் தண்ணி எவடத்தால வாறது?”

நான் காட்டினேன். மேட்டிலிருந்து இறங்கி, காணியின் இடது மூலையை வெட்டிக்கொண்டு பாதைக்குப் போகும். கடதாசிக் கப்பல் விட்ட இடம், எனக்குத் தெரியாதா? அவர் குடையால் அந்த மண்ணைக் குத்திப் பார்த்தார். ஒரு தாளில் நீலக் கோடு போட்டுக்கொண்டார். அம்மாவிடம், எந்தப் பக்கம் நின்று சமைப்பாய் என்று கேட்டார். போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் படம் வந்தது. மாமா அன்று வந்திருந்தார், அம்மாவின் தம்பி. கொழும்பில் கட்டிட வேலை செய்தவர். அப்பா படத்தைப் பாயில் விரித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

சரிவின் குறுக்கே நீளமாக ஒரு வீடு. ஓர் அறை அகலம்தான். வரிசையாக மூன்று அறை, கடைசியில் அடுப்படி. முன்னால் நீளத்துக்கும் திண்ணைபோல இஸ்தோப்பு. பின்னால் மழைத்தண்ணீர் ஓட அகலமாக ஒரு கான், அதற்கப்பால் மேட்டைத் தொடவே இல்லை. நீலக் கோடு இருந்த மூலை வெறுமையாக விடப்பட்டிருந்தது.

முதலில் நான்தான் பேசினேன்.

“அப்பா, இது நம்ம லயம் மாதிரியே இருக்கு.”

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். “பொடியனுக்குத் தெரியுது, படிச்ச மனுசனுக்குத் தெரியல! ஏன் மச்சான், லயத்த விட்டு வெளிய வர்றதுக்கு இன்னொரு லயமா கட்டப் போறீங்க? காலையில பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பும் அடிக்கச் சொல்லுவாரோ?”

அம்மா மெதுவாகச் சொன்னாள். “அடுப்படிக்குக் கதவு வச்சிருக்காருங்க.”

“கதவு நானும் வப்பேன்க்கா. இங்க பாரு.” மாமா போனை எடுத்தார். விரலால் தள்ளத் தள்ள வீடுகள் வந்தன. எல்லாம் சதுரம், எல்லாம் தூண், எல்லாம் சமதரையில். அப்பா ரோஸ் நிற வீட்டில் நிறுத்தினார்.

அப்பாவோடு நானும் பதுளைக்குப் போனேன். அப்பா கைகட்டி நின்று, வேறு மாதிரிக் கட்டலாம் என்றிருக்கிறோம் ஐயா, என்றார்.

படம் கீறியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. “உங்களுக்கு இதுதான் சரிவரும். மேட்டை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.” அவ்வளவுதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை, அப்பா கேட்கவுமில்லை. நாற்பது வருடம் கேள்வி கேட்காத ஆட்களோடு வேலை பார்த்தவர்போல இருந்தது.

பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “நமக்கு லயம் போதும்னு நெனச்சுட்டாருடா.”

மாமா மேட்டை இரண்டு ஆள் உயரத்துக்கு வெட்டினார். சதுர வீட்டுக்கு இடம் வேண்டுமே. இடது மூலையில் அடுப்படிக்கு அத்திவாரம் தோண்டியபோது குழியில் தண்ணீர் ஊறியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மாமா, இது தண்ணி வர்ற எடம்.”

“தண்ணிக்கு என்னடா, பைப் போட்டா போகுது. நீ எந்த யூனிவர்சிட்டி?”

வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பால் காய்ச்சிய அன்று லயத்து ஆட்கள் எல்லாரும் தூணைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அம்மா அடுப்படிக் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். அந்தக் கதவு ஏழு மாதம் இருந்தது. நான்கு நாள் விடாமல் பெய்த மழையில், ஒரு காலை, அவள் விறகு எடுக்க வெளியே வந்த நேரம், மேடு இறங்கியது. உயிர் தப்பியது அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். மாமாவின் போன் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களைப்போல இன்னும் பதினொரு குடும்பங்கள் இருந்தன. பாய் விரிக்கும்போது அம்மா பொலித்தீன் பையைத் திறந்தாள். பத்திரங்களுக்கு அடியில், பதுளையிலிருந்து வந்த அந்த வீட்டுப் படம் நனையாமல் இருந்தது. அவள் அதை வைத்திருந்தது அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும். அவள் மடித்து மறுபடி உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலை, எங்களுக்குத் தற்காலிகக் கொட்டகை போட, மைதானத்துக்கு லொறியில் கம்பும் தகரமும் வந்தன. மேற்பார்வைக்கு வந்தவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

“டேப் பார்க்கத் தெரிஞ்சவங்க யாரும் இருக்கீங்களா?”

நான் கையைத் தூக்கினேன்.

“ஸ்கூல் போறதில்லயாடா?”

“ஸ்கூல்லதான் சார் இருக்கேன்.”

அவர் சிரித்துவிட்டு நாடாவைக் கையில் கொடுத்தார். அதன் பிறகு நான் வகுப்பில் உட்காரவில்லை. கொஸ்லந்தை, மொனராகலை என்று எங்கெங்கோ போய் யார் யாருடைய வீட்டுக்கோ மண் வெட்டியிருக்கிறேன். முதல் வேலை அந்த மைதானத்தில்தான். கயிறு இழுத்து, பத்தடிக்கு ஒரு முளை அடிக்க வேண்டும். ஒரே வரிசை, ஒரே கூரை.

கம்பு தூக்க வந்த அப்பா கயிற்றின் அருகே நின்றார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

“எத்தன காம்பிரா?”

“பன்னெண்டுப்பா.”

அவர் கம்பைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டார். களைப்பு என்று நினைத்தேன். எனக்கு வேலை இருந்தது. கயிறு ஓர் அங்குலம்கூடக் கோணவில்லை என்று மேற்பார்வைக்காரர் எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த முளையை இன்னும் கவனமாக அடித்தேன்.