பட்டுத் துண்டில் நெருப்பு தங்காது

பிள்ளையார்பாளையத்தில் பரமசிவத்தின் மூக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. நூலில் சந்தேகம் வந்தால் நெசவுக்காரர்கள் ஒரு இழையை உருவிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பரமசிவம் அதை விளக்கில் காட்டுவார். அசல் பட்டு சுருண்டு, முடி கருகிய நாற்றம் அடித்து, விளக்கைவிட்டு எடுத்ததும் தானாக அணைந்துவிடும். போலி நூலோ காகிதம் எரிந்த வாடை வீசி, முனையில் ஒரு சிவப்புப் புள்ளியோடு உள்ளே தின்றுகொண்டே போகும். அவர் முகர்ந்து தலையாட்டிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அந்தத் தலையாட்டலில் கொஞ்சம் கர்வமும் உண்டு. தெருவே ஒரு மூக்கை நம்பினால் அது சற்று நிமிரத்தானே செய்யும்.

இந்த மனுஷருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் துரைக்கண்ணுவால் வந்தது. ஓரிக்கையில் பாலாற்றங்கரையில் கரும்பு போட்டிருந்த துரைக்கண்ணு அவருக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கிய பழைய துப்பாக்கி ஒன்று துரைக்கண்ணுவிடம் இருந்தது. குழல் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இரும்புக் கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற ரகம். ஆனால் குழலின் உட்புறம் திருகு மாதிரி வரி வெட்டியிருக்கும். குண்டைச் சுற்றிய துணி அந்த வரியைக் கவ்வினால்தான் குண்டு சுழன்று நேராகப் போகும். நவாபு காலத்துச் சிப்பாய் ஒருவன் விட்டுப்போனது என்று துரைக்கண்ணு சொல்வார். நம்புவதும் நம்பாததும் கேட்பவர் பாடு.

ஆறு வறண்டதும் இரண்டு பேரும் மணலில் இறங்கிவிடுவார்கள். உடைந்த தறிப்பலகையில் கரியால் வட்டம் போட்டுக் கரைமேட்டில் சாய்த்து வைப்பது பரமசிவத்தின் வேலை. துரைக்கண்ணு மூங்கில் குப்பியில் மருந்தை அளந்து போடுவார். குறைந்தால் குண்டு வட்டத்துக்குக் கீழே விழும். கூடினால் தோளை உதைத்துவிட்டு இஷ்டத்துக்கு எங்கேயோ போகும். மூங்கிலைச் சீவிச் சீவி, குண்டெல்லாம் ஒரே இடத்தில் போய் உட்காருகிற அளவைப் பிடிக்க ஒரு கோடை முழுதும் ஆனது.

"ஒரு தபாவுக்கு ஒண்ணத்தான் மாத்தணும்பா. மருந்த மாத்தினா துணிய மாத்தக் கூடாது. குறி ஒக்காந்துக்கினப்புறம் எதையுமே தொடக் கூடாது" என்பார் துரைக்கண்ணு.

வீட்டுக்கு வந்ததும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் குழலில் ஊற்றி, கறுப்புத் தண்ணீர் தெளிகிறவரை கழுவி, துடைத்து, நல்லெண்ணெய் போடுவார். "பெத்த பொண்ணுக்குக்கூட இந்த மனுஷன் இப்டி தண்ணி ஊத்தினதில்ல" என்று துரைக்கண்ணுவின் மனைவி தேவகி சிரிப்பாள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. சுட்டபிறகு, குண்டைச் சுற்றிய வேட்டித்துணியின் துணுக்கு சில சமயம் குழலுக்குள் கங்காகத் தங்கிவிடும். ஈரத்துணி விட்டுத் துடைக்காமல் அடுத்த மருந்தைக் கொட்டினால், கொட்டுகிறவன் கையிலேயே அது வெடிக்கும். வாலாஜாபாத் பக்கத்தில் ஒருவன் அப்படித்தான் கையை இழந்திருந்தான். பலகைக்குச் சுடும்போது துடைக்க நேரமிருக்கிறது. அடிபட்ட பன்றி எதிரே வரும்போது யார் துடைப்பது?

இதற்கு வழி சொன்னவர் பரமசிவம். "பட்டுல நெருப்பு தங்காதுபா. அத வச்சு சுத்திப் பாரு."

பரமசிவத்தின் தறியில் அறுத்த பட்டுத் துண்டுகளைத் தேன்மெழுகும் எண்ணெயும் தடவி வைத்துப் பார்த்தார்கள். முந்தானைத் துண்டு தடித்துப் போயிற்று. உடல் துண்டு அளவெடுத்தது போல உட்கார்ந்தது. துடைக்காமலே அடுத்தடுத்துச் சுட்டும் குழலில் கங்கு இல்லை. அன்றைக்குப் பரமசிவத்துக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதன்பிறகு வருஷாவருஷம் துண்டு அவர் வீட்டிலிருந்துதான் போயிற்று.

அறுபத்தெட்டில் துரைக்கண்ணுவின் மகள் அலமுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கூறைப்புடவை யார் தறியில் என்ற கேள்வியே எழவில்லை. அந்த வருஷம் பார்த்து நல்ல நூல் வரத்து நின்றுபோயிற்று. நூல் வியாபாரி சீனிவாசன் பளபளவென்று ஆர்ட் சில்க் என்ற போலிப்பட்டு நூல் கண்டுகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான்.

"ஊடையில கலந்துடு. உன் கைப் புடவைய எவன் கொளுத்திப் பாக்கப் போறான்?"

அவன் சொன்னது உண்மை. யாரும் பார்க்கப்போவதில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது, நூலோ இல்லை, கூட்டாளிதானே, பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று பரமசிவம் தனக்குத் தானே நூறு நியாயம் சொல்லிக்கொண்டு, குறுக்கு இழையில் கலந்தார். நெய்து முடித்த புடவையைத் தேவகி கண்ணில் ஒற்றிக்கொண்டபோது அவர் தறியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தை பிறந்து கரும்பு வெட்டு வந்தது. ஒருநாள் சாயங்காலம் அவர் கோயிலிலிருந்து வந்ததும் மனைவி ஏலவார்குழலி சொன்னாள்: "ஓரிக்கை அண்ணன் வந்தாருங்க. துண்டு கேட்டாரு. தறிக்கடியில இருந்தத அப்டியே அள்ளிக் குடுத்துட்டேன். நாளைக்கு வெட்டாம். கரும்புக்குள்ள கொம்புப் பன்னி இருக்குதாம்."

தறிக்கடியில் இருந்தவை அலமுவின் புடவைத் துண்டுகள். பரமசிவம் மூலையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து விளக்கில் காட்டினார். காகித வாடை. சிவப்புப் புள்ளி மெல்ல ஊர்ந்து அவர் விரல்வரை வந்தது, அணையவில்லை.

விடிந்ததும் அசல் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஓரிக்கைக்கு விரைந்தார். வழியெல்லாம் பொய்யை நெய்துகொண்டே போனார். 'அது பழசு, இதுதான் புதுசு' என்று மாற்றிவிட்டால் முடிந்தது. உண்மையைச் சொல்லவே வேண்டாம்.

களத்தில் வெட்டுக்காரர்கள் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தேவகி கூழ்ப்பானையோடு நின்றாள். துரைக்கண்ணு துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, காலங்காத்தால?"

"நேத்து குடுத்த துண்ட இப்டி குடு. அது மெல்லிசு. இத வச்சிக்கோ."

துரைக்கண்ணு சிரித்தார். "மெல்லிசா? இன்னிக்கி விடிகாலைலயே மூணு குண்டு போட்டுப் பாத்தேன். அச்சடிச்ச மாதிரி ஒக்காருதுபா. குறி ஒக்காந்தப்புறம் துணிய மாத்துவாங்களா? உனக்குத் தெரியாததா?"

"தொடச்சித் தொடச்சியா போட்டே?"

"பலகைக்கு எப்பவும் தொடச்சித்தான் போடுவேன்."

"பன்னிக்கும் தொடச்சிட்டே போடு."

"பட்டுக்கு எதுக்குய்யா தொடைக்கணும்? நீ சொன்னதுதான?"

இனி உண்மை ஒன்றுதான் மிச்சம். அதை நாலு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். தேவகி ஒரு சொம்புக் கூழை நீட்டி, "குடிங்கண்ணே. பொடவைய நேத்துகூட எடுத்துப் பாத்தா அலமு. கீழ வைக்க மனசில்ல அதுக்கு" என்றாள். பரமசிவம் கூழை வாங்கிக் குடித்தார். உண்மையும் அதோடு சேர்ந்து உள்ளே போயிற்று. முதல் குண்டிலேயே பன்றி விழுந்துவிடும், இரண்டாவதுக்கு வேலையே இருக்காது, ஏகாம்பரநாதா என்று வேண்டிக்கொண்டார். கோழைகள் கடவுளிடம் கேட்பது எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

நாலு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தார்கள். வெயில் ஏற ஏறக் கரும்பு சுருங்கி, நடுவில் ஒரு திட்டு மட்டும் நின்றது. அதற்குள் ஏதோ மூச்சுவிடுவது கேட்டது. வெட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். போன வருஷம் ஒருவனுடைய தொடையைக் கிழித்த கொம்பன் அது.

தோகை பிளந்து பன்றி வெளியே பாய்ந்தது. துரைக்கண்ணு சுட்டார். குண்டு தோளில் பட்டது. பன்றி மண்ணில் உருண்டு, எழுந்து, அவரைப் பார்த்துத் திரும்பியது.

அவர் அசையவில்லை. துப்பாக்கியை நிமிர்த்தி ஊன்றி, இடுப்பில் தொங்கிய, மருந்து நிரப்பிய மாட்டுக் கொம்பை உருவினார். கிட்டத்தில் வரும் பன்றிக்கு மூங்கில் அளவு எதற்கு? கொம்பை அப்படியே குழல் வாயில் சாய்க்கப்போனார். குழலிலிருந்து மெல்லிய புகை கோடாக எழுவதைப் பரமசிவம் பார்த்தார்.

"கொட்டாத! அது பட்டு இல்லடா! பட்டு இல்ல!"

களம் முழுக்கக் கேட்டது. துரைக்கண்ணு தலையைத் திருப்பினார். கை ஏற்கெனவே சாய்ந்துவிட்டிருந்தது.

வெடிச்சத்தத்தில் பன்றி மிரண்டு ஆற்றுப்பக்கம் ஓடிற்று. புகை கலைந்தபோது துரைக்கண்ணு மண்டியிட்டு, தன் வலது கையைத் தானே அடையாளம் தெரியாதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவகி கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. அவள் ஓடியது புருஷனிடம். ஓடுகிற வழியில் ஒரே ஒரு தரம் பரமசிவத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பரமசிவம் கட்டிலருகே போய் நின்றார். துரைக்கண்ணு கண்ணைத் திறந்து, "அப்பவே வந்தியே. கூழு குடிச்சியே. அப்ப சொல்லக் கூடாதாபா?" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரமசிவம் தாங்கியிருப்பார்.

கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். பரமசிவம் கும்பகோணம் வரை அலைந்து நூல் வாங்கிவந்து, வேறு வேலையே எடுக்காமல் இன்னொரு புடவை நெய்தார். சோதனைக்கு இழை கொண்டுவந்தவர்களை, "இனிமே என் மூக்க நம்பாதீங்க" என்று வாசலிலேயே திருப்பியனுப்பினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. களத்தில் கத்தியது அதற்குள் தெருவரை வந்திருந்தது.

புடவையை ஓரிக்கைக்கு எடுத்துக்கொண்டு போனபோது தேவகி வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே ஓரத்தில் ஒரு இழையை உருவி விளக்கில் காட்டினாள். முடி கருகிய நாற்றம் கூடமெங்கும் பரவியது. இழை சுருண்டு அணைந்தது. அவள் புடவையை உள்ளே கொண்டுபோனாள். பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார்.

"இருப்பா" என்றார் துரைக்கண்ணு. தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, மேலே கல்யாணப் பத்திரிகையை வைத்து நீட்டினார். நீட்டியது இடது கை. வலது கையில் எதையும் பிடிக்கிற விரல் மிச்சமில்லை.

"தப்பா எடுத்துக்காத. இந்தக் கையிலதான் குடுக்க முடியுது. குடும்பத்தோட வந்துடு."

பரமசிவம் இரண்டு கைகளையும் ஏந்தி அதை வாங்கிக்கொண்டார்.