டீக்கடையில் நடந்த துறைக் கூட்டம்

என்னைத் துறைத்தலைவராக்கிய கொஞ்ச நாளிலேயே ராமேஸ்வரத்தில் ஒரு ஓட்டலுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புதிய துறைத்தலைவர்களுக்குத் தலைமைப் பண்பு வளர்ப்பதாம். சென்னையிலிருந்து அந்த வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு வந்த பயிற்சியாளர் எங்களைப் பலூன் ஊதச் சொன்னார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடக்கச் சொன்னார். நீங்கள் சிங்கமா, யானையா, கழுகா என்று கேட்டார். நான் வேதியியல் டீச்சர் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதற்காக நான் சொல்லவில்லை.

எங்கள் கல்லூரி ராமநாதபுரத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே துறையை யார் நடத்துகிறார்கள் என்பது அந்தக் கோட்டுக்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை. வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. காலை இடைவேளையில் துறையின் ஆண்கள் எல்லாரும் அங்கே போய்விடுவார்கள். யாருக்கு எந்த வகுப்பு, தேர்வுப் பணிக்கு யார் போவது, எல்லாம் கையிலிருக்கும் வடை தீர்வதற்குள் பேசி முடிந்துவிடும். பெண்கள் அங்கே போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, போவதில்லை, அவ்வளவுதான். எங்களுக்குத் துறைக்கே ஃபிளாஸ்க்கில் டீ வரும். அதன்பிறகு துறைக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். முடிந்துபோன காரியத்துக்கு எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். நான் தலைவரான பிறகு நடந்த ஒரே மாற்றம், முதல் கையெழுத்து என்னுடையது.

தலைவர் ஊரில் இல்லாவிட்டால் துறையில் மூத்தவர் பொறுப்பு. இதற்கு உத்தரவெல்லாம் கிடையாது, வழக்கம். எங்கள் மூத்தவர் எனக்கு முன்னால் தலைவராக இருந்தவர். நாற்காலிதான் அவரை விட்டுப் போயிருந்தது, அதிகாரம் போகவில்லை.

பயிற்சியில் எங்கள் போன்களை ஒரு கூடையில் வாங்கி வைத்திருந்தார்கள். மாலையில் திருப்பிக் கொடுத்ததும் பார்த்தேன். எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவிலிருந்து கௌரவ விரிவுரையாளர் ஒருத்தி வெளியேறியிருந்தாள். உப்பூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். கணவன் கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருக்க, இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. துறையிலிருக்கும் இன்னொரு தோழி புதிய டைம்டேபிளைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். உப்பூர்க்காரியின் வகுப்பு அத்தனையும் புதிதாக ஒரு பெயருக்கு மாறியிருந்தது. அந்தப் பெயர் மூத்தவருடைய மச்சினன் மகளுடையது.

உப்பூர்க்காரிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது பயிற்சியாளர் வழிமறித்தார். அடுத்த வகுப்பு முக்கியமானதாம், குழுவின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்பதாம். என் குழு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பாம்பன் பாலத்தில் நடுவழியில் வேனை நிறுத்தி இறங்கி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது ஒரு சுற்றுலாக் கூட்டம். பஸ் நகரவில்லை. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள், இருந்தாலும் அவர்களையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கல்லூரி வாசலில் இறங்கியபோது இடைவேளை. உள்ளே போகவில்லை. சாலையைக் கடந்து நேரே டீக்கடைக்குப் போனேன். பேச்சு நின்றுவிட்டது. மூத்தவர் மட்டும் சிரித்த முகமாக எழுந்தார்.

"என்ன மேடம் இங்கன வந்து நிக்கிறீக? சொல்லியிருந்தா டீயை டிபார்ட்மென்ட்டுக்கே அனுப்பியிருப்பேன்ல."

"டீக்கு வரல சார். மீட்டிங் இங்கதான நடக்குது, அதான் வந்தேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். பழைய டைம்டேபிள்தான் இனியும் இருக்கும், யாருக்கு ஆட்சேபணையோ இங்கேயே சொல்லலாம் என்றேன். எல்லாரும் அவரவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் குரலைத் தணித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொன்னார்.

"தலைவர்னா நாலையும் அனுசரிச்சுத்தான் மேடம் போகணும்."

ஆளாளுக்கு எனக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு பெண்ணின் சோற்றில் கை வைத்துவிட்டு அதற்குப் பெயர் அனுசரிப்பு. அங்கிருந்து முதல்வர் அறைக்குப் போனேன். அவர் கொஞ்ச நேரம் பூசி மெழுகினார். இது மாறாவிட்டால் தலைவர் பதவி எனக்கு வேண்டாம், ஏன் வேண்டாம் என்று நிர்வாகத்துக்கு விளக்கமாக எழுதிக் கொடுப்பேன் என்றதும் பழைய டைம்டேபிளில் கையெழுத்துப் போட்டார்.

மதியமே உப்பூருக்குப் போனேன். அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள், மோர் கொடுத்தாள். முகம் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்கு வா என்றேன். சுவரோரம் கட்டிலில் அவள் புருஷன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்று தெரிந்தது.

"சார் போன் பண்ணாரு மேடம். நீங்கதான் என் பேர எடுக்கச் சொல்லிட்டுப் போனீகன்னாரு."

என் பெயரைச் சொல்லியே செய்திருக்கிறார் மூத்தவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. நான் அத்தனை தடவை போன் போட்டும் ஏன் எடுக்கவில்லை என்றும் கேட்டேன்.

"என்னத்தக் கேக்குறது மேடம். அந்தச் சீட்டுக்கு வந்தா எல்லாரும் அப்படித்தானன்னு நெனச்சேன்."

அவள் மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. ஒரே அறையில், ஒரே மேஜையில் சாப்பிட்டவள், அவர் சொன்னதும் நம்பிவிட்டாள். அப்புறம் யோசித்தால், நம்பாமலிருக்க அவளுக்கு என்ன காரணம் இருந்தது? இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவர் அவளுக்காக எதைச் செய்தார்கள்?

நாளைக்கு வாரேன் மேடம் என்றாள் கடைசியில். உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அந்த வகுப்புகள் அவளுக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி முழுசும் படித்தாள். படித்துவிட்டு, தேதி போடவில்லையே என்று திருப்பி நீட்டினாள்.