ஏழாம் இலக்கக் குழாய்க்கிணறு

டோர்செட் பார்க்கில் கமலாம்பிகையின் வீட்டு வாசலோரப் புல்லுக்குள் ஒரு இரும்பு மூடி இருந்தது. மூடிக்குக் கீழே ஆறு மீற்றர் ஆழத்துக்கு ஒல்லியான குழாய். நிலத்தடி நீரைச் சோதிக்கும் கொம்பனியில் வேலை செய்த நீக்கிலாஸ் பதினொரு வருடமாக அதிலிருந்து தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி வந்தார்.

தெருமுனையில் முன்பு உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. கிறீஸ் கழுவிய கரைப்பானைப் பின்பக்க மண்ணிலேயே ஊற்றிவந்தார்கள். அது நிலத்தடி நீரோடு நகர்ந்து வீடுகளுக்குக் கீழே வந்துவிட்டது. அதை உறிஞ்சிச் சுத்தம் செய்ய ஒரு தகரக் கொட்டகைக்குள் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தெரு நெடுகப் போட்டிருந்த சோதனைக் கிணறுகள் எல்லாம் வரம்புக்குள் இறங்கினால் பம்பை நிறுத்தலாம். இறங்காமல் அடம்பிடித்தது கமலாம்பிகை வீட்டு ஏழாம் இலக்கம் மட்டும்தான்.

நீக்கிலாஸ் வேலைக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுவார். காற்று எந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் புல்லு வெட்டினார்களா, எல்லாம். அகதி வழக்கில் ஒரு திகதி பிழைத்ததற்காக ஒன்றரை வருடம் அலைந்த மனிதர். அதற்குப் பிறகு எதையும் விட்டெழுதத் துணிந்ததில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் தலையிடி. நெற்றியில் தைலம் பூசினார். கையைக் கழுவி, புதுக் கையுறை போட்டுத் தண்ணீர் எடுத்தார். தைலம் பூசியதையும் எழுதினார்.

முடிவு வந்தது. வரம்பைப் போலப் பதினெட்டு மடங்கு.

பொறியியலாளர் கௌசி அவரைக் கூப்பிட்டாள். அவருடைய மகளின் வயதுதான் அவளுக்கு.

“அங்கிள், தைலம் பூசினதெண்டு நீங்கள் எழுதினதுதானே உது?”

“ஓம் பிள்ளை. கிளவுஸ் மாத்தினதும் எழுதியிருக்கு.”

“ஐ நோ. பட் சாம்பிள் பழுதெண்டு பம்புக்குக் காசு கட்டுற கிளையன்ற் சொல்லுகினம்.”

“தைலத்துக்குள்ள கற்பூரமெல்லே இருக்கு. இது தொழிற்சாலைச் சாமான். உமக்குத் தெரியாதே?”

“தெரியும்.” கௌசி திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “ஏன் அங்கிள் உதையெல்லாம் எழுதுறியள்? உங்களை ஆர் கேட்டது?”

ஓகஸ்டில் மறுபடி தண்ணீர் எடுக்க வேறொருவனை அனுப்பினார்கள். அவன் கொண்டுவந்த குப்பிகளை நீக்கிலாஸ் குளிர்பெட்டியில் கண்டார். ஒவ்வொன்றிலும் பயறளவு காற்றுக் குமிழி. அந்த இரசாயனம் காற்றைக் கண்டால் தண்ணீரை விட்டு ஓடிவிடும். விளிம்பு முட்ட நிரப்பாத குப்பி பொய்தான் சொல்லும். கௌசியிடம் போய்ச் சொன்னார்.

“அவன் உங்களை மாதிரி ஒண்டும் எழுதேல்ல அங்கிள்” என்றாள் கௌசி.

வரம்புக்குள் என்று முடிவு வந்தது. பம்பை நிறுத்தினார்கள். ஒக்ரோபரில் ஏழாம் இலக்கத்தைக் களிமண் போட்டு மூடிவிட்டு வரும்படி நீக்கிலாஸையே அனுப்பினார்கள்.

மூட முன்னர் அவர் கமலாம்பிகையின் கதவைத் தட்டினார்.

“அக்கா, கீழ பேஸ்மென்றில ஆரும் இருக்கினமே?”

“இப்ப ஒருத்தரும் இல்லை. ஏன் தம்பி?”

கிணற்றுத் தண்ணீர் இன்னும் சுத்தமாகவில்லை என்று சொன்னார்.

“நாங்கள் ஏரித் தண்ணியெல்லே குடிக்கிறம்?”

“குடிக்கிற கதையில்லை அக்கா. அந்தச் சாமான் ஆவியா நிலத்துக்குள்ளால மேல வரும். வீட்டுக் காத்தை ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ.”

அவள் வாசலில் நட்டிருந்த விற்பனைப் பலகையை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

“பன்ரண்டு மணிக்கு வீடு பாக்க ஆக்கள் வருகினம். உமக்கு வாய் சும்மா கிடக்காதோ? எல்லாம் சரியெண்டு கடிதம் வந்ததெல்லே? உம்மட கொம்பனிதானே அனுப்பினது?”

நீக்கிலாஸ் திரும்பிப் போய்ப் புல்லில் குந்தி மூடியைக் கழற்றினார்.

வந்தவர்கள் சென்னைச் சோடி. அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு மாத வயிறு. கார் கதவைப் பிடித்து மெல்ல இறங்கியவள், புல்லில் குந்தியிருந்தவரிடம் நேரே வந்தாள்.

“இது என்ன மூடி அங்கிள்?”

படியில் கமலாம்பிகை நின்றாள். நீக்கிலாஸுக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது.

“நிலத்தடித் தண்ணி பாக்கிறது பிள்ளை. றிப்போட்டில எல்லாம் சரி.”

“அப்பாடா” என்றாள் அவள். உள்ளே போய்க் கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கணவனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: “கீழ் ரூம் நல்லா இருக்குப்பா. குழந்தைக்கு வச்சுக்கலாம்.”

நீக்கிலாஸ் களிமண் மூட்டையைக் கிழித்துக் குழாய்க்குள் கொட்டினார். நிரம்ப இரண்டு மூட்டை பிடித்தது. கமலாம்பிகை ஒருநாளும் இல்லாத திருநாளாக வடையும் தேநீருமாக வந்தாள்.

“சாப்பிடும் தம்பி. களைச்சுப் போனீர்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்.