எல்சியின் தாலியும் அலெக்ஸாண்டரின் வசனமும்

காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்கும் எல்சிக்கு வாய் நீளம் என்பார்கள். வாய் நீளமில்லாதவளுக்கு அந்த ஏலத்தில் ஒரு கூடை மத்திகூடக் கிடைக்காது. ஆனால் ராயபுரத்தில் அவள் அப்பா விட்டுப்போன சின்ன வீட்டுக்குள் மட்டும் ஒரு வருஷமாக வாயை அடக்கிக்கொண்டிருந்தாள். காரணம் புருஷன் அலெக்ஸாண்டர், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவன். குடியை விட்டிருந்தான். குடியை விட்ட மனுஷன் வேறு எதைப் பிடித்துக்கொண்டால் என்ன என்று பொறுத்துப்போனாள்.

அவன் பிடித்துக்கொண்டது பாஸ்டர் வெள்ளத்துரையை. திருவொற்றியூரில் ஒரு தகரக் கிடங்கின் மாடியில் அவருடைய சபை நடந்தது. போன வருஷம்வரை மாதா தேரை இழுத்த கை, இப்போது மாதா படத்தைக் கழற்றிப் பரணில் போட்டது. ஜெபமாலை விக்கிரகமாம். செத்தவர்களுக்குப் பூசை வைப்பது மனுஷர் கட்டிவிட்ட கதையாம். “பைபிள்ல இல்லாதது எதுவும் நமக்கு வேணாம்மே” என்பதே காலையும் மாலையும் பேச்சு. அவன் பைபிள் படித்த லட்சணம் எல்சிக்குத் தெரியாதா? பாஸ்டர் கோடு போடச் சொன்ன பக்கங்கள் மட்டும் கசங்கியிருந்தன. மற்ற பக்கங்கள் கடையிலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுத்தது ஞானஸ்நானம். பிறந்த குழந்தையாக இருந்தபோது ராயபுரம் கோயிலில் சாமியார் அவன் தலையில் ஊற்றிய தண்ணீர் செல்லாதென்று சொல்லிவிட்டார்கள். விவரம் தெரியாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி எந்த வசனமும் இல்லையாம். அதனால் எண்ணூர் கடலில் முங்கி எழுந்து வந்தான். ஆலைக் கழிவு கலந்த எண்ணூர் தண்ணீர் சும்மா விடுமா, ஒரு வாரம் உடம்பைச் சொறிந்துகொண்டு திரிந்தான். அது சாத்தானின் சோதனை என்று பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்.

இதையெல்லாம் எல்சி வேடிக்கை பார்த்தாள். வேடிக்கை அவள் கழுத்துக்கு வந்தபோதுதான் முழித்துக்கொண்டாள்.

அலெக்ஸாண்டரைச் சபைக்கு மூப்பர் ஆக்கப்போகிறார்களாம், பாஸ்டருக்கு அடுத்த இடம். மூப்பர் பெண்டாட்டி தாலியோடு நிற்கலாமா? அதைச் சொல்லப் பாஸ்டரே வீட்டுக்கு வந்தார். பைபிளில் ஏதோ ஒரு நிருபத்தில் பெண்களுக்குப் பொன் வேண்டாம் என்று வருகிற வரியை வாசித்துக் காட்டினார். வாசித்த கையில் தங்க நிற வாட்ச் மின்னியது.

“இது மட்டும் இன்னா பாஸ்டர், பித்தளையா?”

“இது நேரம் பாக்கறதுக்கும்மா. நகை இல்ல.”

“சபைக்கு வெள்ளைதான் உடுத்தணும்றீங்களே, அது எந்த வசனத்துல கீது?”

“அது சபை ஒழுங்கு.”

நல்ல கதை. கோயிலில் செய்தால் மனுஷர் பாரம்பரியம், குப்பையில் போடு. கிடங்கு மாடியில் செய்தால் ஒழுங்கு, வாயைப் பொத்து. அந்தத் தாலி, புறா பொறித்த சின்னத் தங்கத் துண்டு. குடித்துப் புரண்ட காலத்தில்கூட அலெக்ஸாண்டர் அதில் கை வைத்ததில்லை. இப்போது யோக்கியனாகிவிட்டான், கேட்கிறான்.

ராயபுரம் கோயிலின் பங்குச் சாமியாரிடம் போனாள். திருவிழாக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர், செல்போனைத் தடவியபடியே, “பைபிளைத் தொகுத்துக் கொடுத்ததே திருச்சபைதான்மா. திருச்சபை இல்லாம அவங்களுக்கு ஏது பைபிள்?” என்றார்.

“சரி ஃபாதர், தாலிக்கு இன்னா சொல்றது?”

“அது நம்ம வழக்கம். திருவிழா முடியட்டும், பேசலாம். வஞ்சிரம் வந்தா சொல்லு.”

அவர் சொன்னது நியாயமான பதில்தான். ஆனால் அதை அவள் வீட்டு வாசலில் வந்து சொல்ல அவருக்குக் கால் இல்லை. பாஸ்டருக்குப் புத்தகம் கேடயம், சாமியாருக்கு வழக்கம் மெத்தை. ஆக, தன் கழுத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சபைக்குப் போனாள். எல்லார் முன்னாலும் தாலியைக் கழற்றி அலெக்ஸாண்டர் கையில் வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அல்லேலூயா சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. எல்சி அங்கே ஒரு நிமிஷமும் நிற்கவில்லை.

புது மூப்பர் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவன் துணிமணி மூட்டையாக வாசலில் கிடந்தது. எல்சி நிலைப்படியை மறித்து நின்றாள். எதிர்வீட்டு மங்கம்மா கையிலிருந்த முறத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

“இன்னாமே இது?”

“வேத்து ஆம்பளைய வூட்டுக்குள்ள வெச்சிக்க முடியுமா? நீ மூப்பரு வேற, ஊரு இன்னா பேசும்?”

“பேஜாரு பண்ணாத. நான் உன் புருஷன்.”

“யாரு சொன்னது? ராயபுரம் கோயில்ல சாமியாரு சொன்னாரு. அதே கோயில்லதான் உன் தலைல தண்ணி ஊத்துனாங்க. அது செல்லாதுன்னு எண்ணூர்ல போயி முங்குன. அது செல்லாதுன்னா, அங்க நடந்த கல்யாணம் மட்டும் எப்படிய்யா செல்லும்?”

அலெக்ஸாண்டர் பைபிளை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனைப் பார்க்க எல்சிக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

“சரி, வசனமும் வேணாம், சாமியாரும் வேணாம்” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “பாக்கெட்டுல கீறத எடுத்து இங்கயே என் கழுத்துல கட்டு. உனக்கு நான் வேணும்னா கட்டு. கட்டிக்கினு உள்ள வா, சோறு போடறேன்.”

அவன் கை பாக்கெட்டுக்குப் போனது. கட்டியிருந்தால் பரணில் கிடந்த மாதாவிலிருந்து எல்லாவற்றையும் அவள் மன்னித்திருப்பாள். சத்தியமாக மன்னித்திருப்பாள். கழுத்தைக்கூட லேசாகக் குனிந்துவிட்டாள்.

பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது செல்போன்.

“ஒரு நிமிஷம் இரு எல்சி. பாஸ்டர ஒரு வார்த்த கேட்டுக்கறேன்.”

எல்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ரோமில் இருக்கிற போப்பாண்டவருக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று போன வீரன், பெண்டாட்டி கழுத்தைத் தொடக் கிடங்கு மாடியில் அனுமதி கேட்கிறான். தூ! கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளே போய் உட்கார்ந்து தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டாள்.

வெளியே ரிங் போய்க்கொண்டே இருந்தது. பாஸ்டர் எடுக்கவில்லை. அலெக்ஸாண்டர் மறுபடியும் போன் அடித்தான்.