ஹைஃபை பெட்டிக்குள் காஜா மொய்தீன் செய்தது

17-11-1985. ஹைஃபை பெட்டி, உறுவையாறு மரியதாஸ் கொடுத்தது. இனாம்.
7-12-1985. 8085 சிப் ஒன்று, சென்னை ரிச்சி தெரு. ரூ. 110.00
22-2-1986. பழைய கால்குலேட்டர், பட்டன்களுக்காக. ரூ. 15.00
24-5-1986. சிவப்பு இலக்க விளக்கு ஆறு. ரூ. 48.00
11-10-1986. திருவாண்டார்கோயில் பஸ், பெட்டிக்கு லக்கேஜ் சேர்த்து. ரூ. 2.60

வில்லியனூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காஜா மொய்தீன், ஏறக்குறைய ஒரு வருஷம் உட்கார்ந்து ஒரு பொருளைச் செய்து முடித்தார். முடித்த அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தால் அல்ல, சந்தேகத்தால். செய்தது கம்ப்யூட்டர்தானா?

கேட்டால் சிரிப்பு வரும். செய்தவனுக்கே தெரியாதா என்று தோன்றும். ஆனால் மொய்தீன் அதுவரை ஒரு கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகக் குவியலில் ஓர் இங்கிலீஷ் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் ஒன்பது இதழ்கள் அவருக்குக் கிடைத்தன. வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்வது எப்படி என்று பத்துப் பகுதியாக வந்த தொடர் அதில் இருந்தது. ஏழாவது பகுதி வந்த இதழ் மட்டும் கிடைக்கவில்லை. ஆறாம் பகுதியின் கடைசிப் படத்தையும் எட்டாம் பகுதியின் முதல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நடுவில் என்ன இருக்க வேண்டும் என்று தானே யோசித்து வயர் இழுத்துவிட்டார். பெட்டி வேலை செய்தது. ஆனால் அந்த இதழில் என்ன போட்டிருந்தார்கள் என்பது தெரியாத வரை, செய்தது அவர்கள் சொன்ன பொருளா, அல்லது அதைப் போல நடிக்கிற வேறு ஏதாவதா என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

பெட்டியின் தோற்றமும் சந்தேகத்துக்குத் துணை போயிற்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கிய மரியதாஸ் பாரீசிலிருந்து கொண்டுவந்த ஹைஃபை செட் அது. ஐப்பசி மழையில் இடி இறங்கி உள்ளே இருந்ததெல்லாம் கருகிப்போயிற்று.

"உள்ள இருக்கறதக் குப்பையில கொட்டுப்பா. கூட்ட மட்டும் கெடுத்துடாத. எட்டு வருஷம் நானே துணி வெச்சித் தொடச்ச கூடு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார் மரியதாஸ்.

மொய்தீன் சொன்ன சொல் தவறாத ஆள். முகப்பில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. வால்யூம் குமிழைச் சுவிட்ச் ஆக்கினார். ஸ்டேஷன் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் ஆறு சிவப்பு இலக்கங்களைப் பொருத்தினார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாஸ், டிரபிள் குமிழ்கள் ஒளிந்திருந்த சின்ன மடிப்புக் கதவுக்குள் கால்குலேட்டர் பட்டன்களை உட்கார வைத்தார். ஆகவே வெளியே பார்க்கிறவர்களுக்கு அது ஹைஃபையாகவே இருந்தது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் "ஒரு பாட்டுப் போடு பாய், கேப்போம்" என்றார்கள்.

பாட்டுக்குப் பதில் அதிலிருந்து வேறொன்று வரும். கரண்டை நிறுத்தினால் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோகும். மறுபடி ஒவ்வொரு முறையும் ஒரு கேசட்டை ஓட்டி, அதிலிருக்கும் கீச்சுச் சத்தத்தைப் பெட்டிக்குள் அனுப்பினால்தான் நினைவு திரும்பும். பிறகு ஏதாவது ஒரு தேதியைத் தட்டினால், அது என்ன கிழமை என்பதை ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண்ணாகக் காட்டும். ஞாயிறுக்கு ஒன்று, சனிக்கு ஏழு.

அவர் மனைவி தாஜ் நிஷா முதல்நாள் இதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, கெழம பாக்கத்தான் செவுத்துல காலண்டர் மாட்டி வெச்சிருக்கே. அது சத்தம் கூடப் போடாது" என்றார்.

அந்த சமயத்தில்தான் திருவாண்டார்கோயில் பக்கம் புதிதாக வந்திருந்த ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் டெக்னீஷியன் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. டிப்ளமா இருக்க வேண்டும், இல்லையென்றால் தானே செய்த பொருள் ஏதாவது கொண்டுவந்து காட்டலாம் என்று இருந்தது. மொய்தீன் படித்தது பத்தாவது. விண்ணப்பம் போட்டார். அக்டோபர் 11 காலை பத்து மணிக்குப் பொருளோடு வரவும் என்று பதில் வந்தது. வேலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் விவரம் தெரிந்த ஒருவர் திறந்து பார்த்து, ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவர் மனது கேட்டது அதைத்தான்.

பெட்டியிடமே தேதியைத் தட்டிப் பார்த்தார். ஏழு என்றது. சனிக்கிழமை, சரி.

அதற்கு மறுநாள் ஞாயிறு ஆயுத பூஜை என்பது மொய்தீனுக்குத் தெரியாமல் இல்லை. கடைத்தெரு முழுக்கப் பூசணிக்காய் குவிந்து கிடந்தது. ஆனால் ஞாயிறு லீவு என்பதால் ஆலையில் முந்தின நாளே பூஜையை முடித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கடிதம் எழுதிய மானேஜருக்கும் தோன்றவில்லை. அவர் பம்பாயிலிருந்து வந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

கேட்டில் வாட்ச்மேன் செல்லக்கண்ணு பெட்டியைப் பார்த்ததும் சீறினார். "இன்னா பாய், ஆடி அசைஞ்சி வர்ற? மைக் செட்டு எட்டு மணிக்கே வந்திருக்கணும்ல?"

"மைக் செட்டு இல்லீங்க. கம்ப்யூட்டரு."

"அப்போ இந்த முள்ளு, இந்தக் குமிழு எல்லாம் இன்னாத்துக்கு?"

"அது கூடுங்க. உள்ளதான் கம்ப்யூட்டரு."

"கூடாம்! சும்மா கத வுடாம உள்ளப் போயி நல்ல பக்திப் பாட்டா ஒண்ணு போடு, போ."

உள்ளே சூப்பர்வைசர் பலராமன், இன்டர்வியூவுக்கு வந்த ஆள் என்று கண்டுகொண்டார். மானேஜர் போனில் இருக்கிறார், பெட்டியை இப்படி வைத்துவிட்டு உட்காரு என்றார். மொய்தீன் தண்ணீர் குடித்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால் வைத்த இடத்தில் பெட்டி இல்லை. அறை அறையாகத் தேடினார். நீள மேசையில் டிரில்லிங் மெஷினுக்கும் டைப்ரைட்டருக்கும் நடுவில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் பெட்டி. குமிழில் செவ்வந்திப் பூ. கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். அவருடைய பையையும் விடவில்லை. ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து வரிசையில் அடுக்கியிருந்தார்கள்.

"சாமி கிட்ட வெச்சாச்சி பாய். இனிமே திங்கக்கெழம பூவ எடுத்தப்புறம்தான் எதையும் ஓட்டுவோம்" என்றார் பலராமன்.

"எனக்கு இன்னைக்குத்தாங்க இன்டர்வியூ."

"இன்டர்வியூ உனக்குத்தானய்யா? பொட்டிக்கு இல்லியே?"

மொய்தீன் யோசித்துப் பார்த்ததில் பலராமன் சொல்வதும் சரி போலத்தான் இருந்தது.

மானேஜர் குல்கர்னி வந்தார். பெட்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். பலராமன் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். சாயங்காலம் நான் பம்பாய்க்குக் கிளம்புகிறேனே என்றார் மானேஜர். சுற்றி நின்ற தொழிலாளிகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓட்ட வேண்டாம், திறந்தாவது பார்க்கலாமா என்று இறங்கி வந்தார். பலராமன் கொஞ்சம் யோசித்து, திறக்கலாம், ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தொட்டுத் திறக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அந்த ஆலையில் அன்றைக்குப் பூஜையில் இல்லாத ஸ்க்ரூ டிரைவர் ஒன்றுகூடக் கிடையாது. கடைசியில் மானேஜரே பாக்கெட்டிலிருந்து ஒரு நாலணாவை எடுத்துக் கொடுக்க, மொய்தீன் அதை வைத்து ஆறு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினார்.

குல்கர்னி குனிந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். "காஜா மொய்தீன்" என்று பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரெண்டு வாரமாக இங்கிலீஷிலேயே பேசி வாய் வலித்துப்போயிருந்த மனுஷன். முஸ்லிம் என்றால் உருது தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டார். இந்தியில் மடை திறந்தாற்போல் பேச ஆரம்பித்தார்.

மொய்தீன் வீட்டில் ஏழு தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. இந்தியில் அவருக்குத் தெரிந்தது 'அச்சா' என்ற ஒரு சொல். முதல் தடவை அதை மரியாதைக்குச் சொன்னார். சொன்ன பிறகு, தெரியாது என்று பின்வாங்க வெட்கமாகிவிட்டது. மானேஜர் வயர்களைத் தொட்டுப் பேசினார். அச்சா. சிப்பைக் காட்டிப் பேசினார். அச்சா. மொய்தீன் தன் மூளையிலிருந்து இழுத்த அந்த ஏழாம் பகுதிக்கு வந்ததும், பேச்சை நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நீளமாக ஏதோ சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தார்.

"அச்சா" என்றார் மொய்தீன்.

மானேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

"இந்தியில பொளந்து கட்னியே பாய்!" என்று முதுகில் தட்டினார் பலராமன். "இன்னாதான் சொன்னாரு?"

"லெட்டர் போடறேன்னாரு" என்று மென்று விழுங்கினார் மொய்தீன். கையில் ஒரு பொட்டலம் பொரியோடும் அவித்த சுண்டலோடும் பஸ் ஏறினார். பெட்டி மடியில் இருந்தது. பூ எடுக்கும்வரை ஓட்டக்கூடாது என்றார்களே தவிர, தூக்கிப் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் தாஜ் நிஷாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"இந்தி தெரியாதுன்னு சொல்றதுக்கு இன்னாங்க?"

"எங்க சொல்லவுட்டாரு, புள்ள? மனுஷன் அவ்ளோ சந்தோசமாப் பேசறாரு."

"கெழம சொல்ற பொட்டிக்குப் பூச நாளு தெரில. பொட்டி செஞ்சவருக்கு வாயத் தொறக்கத் தெரில. நல்ல ஜோடி."

ஞாபகத்தில் ஒட்டியிருந்த சில சத்தங்களைப் பொறுக்கிக்கொண்டு மொய்தீன் பள்ளிவாசலில் தொழ வைக்கும் அஜரத்திடம் போனார். அஜரத்துக்கு உருது தெரியும், இந்தியும் பிடிபடும்.

"தார்னாரு, அஜரத். டப்பான்னாரு. அத ரெண்டு மூணு வாட்டி சொன்னாரு."

"தார்னா கம்பி. டப்பான்னா பொட்டி" என்றார் அஜரத். "பொட்டி நல்லாருக்குன்னாரா, பொட்டி மட்டும்தான் நல்லாருக்குன்னாரா?"

"தெரியலியே."

"சிரிச்சாருன்னியே, எப்பிடிச் சிரிச்சாரு?"

மொய்தீன் சிரித்துக் காட்டினார். அஜரத் தாடியைத் தடவிக்கொண்டு, "இப்பிடி சிரிச்சா ரெண்டுக்கும் சரியாத்தான் இருக்கு" என்றார். தீர்க்கப் போன சந்தேகம் இரண்டாகத் திரும்பி வந்தது.

நவம்பர் 5 அன்று ஆலையிலிருந்து டைப் அடித்த கடிதம் வந்தது. டிப்ளமா படித்தவரை நியமித்துவிட்டதாக இரண்டு வரி. பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நன்றாக இருக்கிறது என்றால் எழுதியிருக்க மாட்டார்களா? கம்ப்யூட்டர் இல்லை என்றால் அதையாவது எழுதியிருக்கலாமே? பழைய ரேடியோவின் வால்வை மாற்றிக்கொண்டே மொய்தீன் இதையே போட்டு உழப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒன்று தோன்றும், மறுநாள் மற்றது. கார்த்திகை பிறந்தபோது பெட்டியை ஓட்டுவதையே நிறுத்திவிட்டார்.

மரியதாஸ் ஒருநாள் கடைக்கு வந்தார். தன் கூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "கிறிஸ்மஸ் வருதுப்பா. இதுல ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரப் போட்டுக் குடேன். பாட்டு வந்தா நீ செஞ்சது இன்னான்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

அது நியாயமாகப் பட்டது. ஆம்ப்ளிஃபயர் என்றால் அதில் குழப்பம் இல்லை. பாடினால் ஆம்ப்ளிஃபயர், பாடாவிட்டால் ரிப்பேர். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் மூடியைக் கழற்றினார். சால்டரிங் அயர்னைச் சூடு ஏற்றினார். ஏழாம் பகுதியிலிருந்தே கழற்றத் தொடங்குவோம் என்று முதல் வயருக்குப் பக்கத்தில் அயர்னைக் கொண்டுபோன நேரத்தில் தபால்காரர் நாகராஜன் சைக்கிளை நிறுத்தினார்.

"பம்பாய்லேர்ந்து வந்திருக்கு பாய்."

கையால் எழுதிய கடிதம். முழுக்க இந்தி. முதல் வரியில் ஒரே ஒரு சொல் மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. மொய்தீன் அதை மட்டும் படித்தார். கம்ப்யூட்டர். அது ஆமாம் என்கிறதா, இல்லை என்கிறதா? கையில் அயர்ன் புகைந்தது.

நாகராஜன் பிரமோஷனுக்காக இந்திப் பரீட்சைகள் பாஸ் செய்தவர். "குடுங்க பாப்போம்" என்று வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"உங்க கம்ப்யூட்டரப் பத்தி இங்க எல்லார் கிட்டயும் சொன்னேன். ஆலையில டிப்ளமா கேட்டாங்க, அதுக்குள்ள என்னையும் பம்பாய்க்கே மாத்திட்டாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியல. நடுவுல ஒரு எடத்துல நீங்க வயர் இழுத்திருக்கற மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல. ஏன் அப்பிடின்னு கேட்டதுக்கு அச்சான்னு சொன்னீங்க. ரெண்டு மாசத்துல இதே மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சி தர முடியுமா, பாட்டுப் பொட்டியில வேணாம்னு கேட்டேன். அதுக்கும் அச்சான்னு சொன்னீங்க. ரெண்டு மாசம் ஆச்சே, வேல எந்த அளவுல இருக்கு?"

மொய்தீன் அயர்னைத் தாங்கியில் வைத்தார். "மொத வார்த்தைய திருப்பிப் படிங்க சார்."

"உங்க கம்ப்யூட்டர்."

"உங்கன்னு போட்டிருக்கா, கம்ப்யூட்டர்னு போட்டிருக்கா?"

"ரெண்டும் போட்டிருக்கு பாய்."

தாஜ் நிஷா கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்போ இன்னொண்ணு செய்யணுமா? இன்னும் எதுக்கெல்லாம் அச்சா சொல்லிட்டு வந்தீங்க?"

மொய்தீன் மூடியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்க ஆரம்பித்தார்.

கடிதம் வந்தது 1986 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை.