ஊட்டுக்காரப் பறவைகள்

பறவை எண்ணிக்கைப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடப்போன நேரத்தில், பேனாவுக்கும் தாளுக்கும் நடுவே சேறு காய்ந்த ஒரு கை வந்து விழுந்தது. வெண்ணந்தூர்ப் பக்கத்து ஏரியொன்றில் மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் கை அது. நான் அந்தப் பகுதி ஏரிகளுக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைத் தடுக்க இவர் யார் என்று சுர்ரென்று கோபம் வந்தது.

கோடையில் ஏரியைத் தூர்வாரும்போது உள்ளே நிற்கும் கருவேல மரங்களை வெட்டுவதா விடுவதா என்பதை, பறவைகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வதாகவும், அதை நேரில் சரிபார்க்க வருவதாகவும் மேலதிகாரி சொல்லியிருந்தார். அந்த மரங்களில்தான் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். அவற்றைக் காப்பாற்ற என்னைவிட லஸ்கருக்குத்தான் தவிப்பு அதிகம். அன்று எண்ணியதில் அறுநூற்றுக்கு மேல் வந்தது. மரங்கள் பிழைத்தன என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க மேடம், நேத்துத்தான மதகத் தொறந்தோம்? தண்ணி எறங்குனா, நத்தை பொறுக்கச் சுத்துப்பட்டு ஏரிப் பறவையெல்லாம் இங்க வந்துருமுங்க. இதெல்லாம் விருந்தாளிங்க. இங்க கூடு கட்டிக் குடியிருக்கற ஊட்டுக்காரங்கள மட்டுந்தானுங்க எண்ணோணும்” என்றார்.

மறுநாள் காலை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மரம் மரமாகக் கூடுகளை எண்ணிக் குரல் கொடுத்தார். கரையில் நின்று நான் கோடு போட்டேன். மொத்தம் நாற்பத்தொரு கூடு. “இத வச்சு மரத்த எப்படிக் காப்பாத்துறது?” என்று கத்தியே விட்டேன். “பெரிய ஆபீசரு பாக்க வர்ற அன்னைக்கு, அறுநூறையும் நான் எங்க போயிங்க கூட்டியாறது?” என்றார் சாவகாசமாக.

மேலதிகாரி தொலைநோக்கியோடு வந்து தானே எண்ணினார். நாற்பத்து மூன்று. “கொறைச்சுப் போட்டிருக்கீங்களே!” என்று அவர் சிரித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பியது. அதையும் கெடுக்க வேண்டுமா இந்த மனிதர்? “இல்லீங்க சார், ஓரத்துல இருக்கற ரெண்டும் போன வருசத்துக் கூடுங்க. குடியில்லீங்க” என்றார் லஸ்கர். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். “குடியிருக்கற கூடு இத்தனை இருந்தாப் போதும், இந்தக் கணக்க நம்பலாம்” என்றார் அதிகாரி. பிறகு நாற்பத்தொன்று என்றே எழுதிக்கொண்டு, மரங்களை விட்டுச் சுற்றிலும் தூர்வாரச் சொன்னார்.

இன்று வேறு ஏரிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. எண்ணப் போகுமுன் மதகு எப்போது திறந்தது என்று கேட்காமல் போவதில்லை. அறுநூறு என்று அன்று நான் அனுப்பியிருந்தால், நேரில் பார்த்த அந்த அதிகாரி அதற்குப் பிறகு ஒரு கூட்டைக்கூட நம்பியிருக்க மாட்டார். அத்தனை மரமும் சாய்ந்திருக்கும். காப்பாற்றப் போன நானேதான் அவற்றை வெட்டியிருப்பேன்.